பங்கரடி மாங்கன்று

மாங்கன்றின் அடியில் நட்ட பைப்பின் வாயில் கவிழ்த்து வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டை அன்று பின்னேரம் கையோடு வரவில்லை. சுதாஜினி முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு கையில் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் சிரட்டையை எடுப்பதும், ஊற்றுவதும், திரும்ப மூடுவதும் அவளுக்கு இரண்டு வருடப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள். இழுத்தாள், அசையவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துத் திருகிய பிறகுதான், சூப்பிக்கொண்டிருக்கும் குழந்தையின் வாயிலிருந்து பால்போத்தலைப் பறித்தால் வருமே, அப்படி ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது. சிரட்டையின் உட்பக்கம் ஈரமாக இருந்தது.

அந்தப் பைப்பில் மாயமோ மந்திரமோ கிடையாது. புளியங்குளத்தில் நடந்த விவசாய வகுப்பில் சொல்லிக் கொடுத்த வேலைதான். வன்னி வெயிலில் நாளாந்தம் மேலால் தெளிக்கும் தண்ணீர் பாதி காற்றுக்கும் பாதி புல்லுக்கும் போய்விடும், மரத்தின் வேர் மேல் மண்ணிலேயே சோம்பிப் படுத்துவிடும் என்று வகுப்பு எடுத்த உத்தியோகத்தர் படம் கீறிக் காட்டினார். கிழமைக்கு ஒருக்கால் விட்டாலும் ஆழத்தில் விடுங்கள், வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும், இறங்கப் பழகிய வேர் பிறகு ஒருவரையும் கேட்டுக்கொண்டு நிற்காது என்றார். அவள் புருஷன் ஜெயந்தனுக்கு அந்த வார்த்தை நன்றாகப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்த கையோடு பைப்புகளை வெட்டி, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டு, ஒவ்வொரு மாங்கன்றின் அடியிலும் இடுப்பளவு ஆழத்துக்கு நட்டுவிட்டான். தவளையும் நுளம்பும் போகாமல் வாய்க்கு ஒவ்வொரு சிரட்டை. எல்லாம் கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்றுகள். கைக்குழந்தை மாதிரிப் பார்த்தான்.

ஆறு கன்றுகள் வேலியோரமாக வரிசையில் நின்றன. ஏழாவதை மட்டும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில், சண்டைக்காலத்தில் ஒளிந்திருக்க வெட்டின பழைய பங்கரை மூடின இடத்தில் வைத்திருந்தான். அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் செய்வார்கள். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கியபோது வீட்டுக்கு ஒரு பங்கர்க் குழி இருந்தது. மூடினார்கள். முதல் மாரி மழைக்கே மண் கீழே இறங்கியது. மற்ற இடமெல்லாம் அலவாங்கு போட்டாலும் நெருப்புப் பறக்கும் தரையாக இருக்கையில், அங்கே மட்டும் மண் இளகிக் கிடந்தது. வாழைக்குட்டியோ மாங்கன்றோ வைக்க அதைவிட வாய்ப்பான குழி எங்கே கிடைக்கும்? யாரோ ஏற்கெனவே வெட்டி வைத்த குழியை வீணாக விடுவானேன் என்பதுதான் எல்லாருடைய எண்ணமும்.

மற்றப் பைப்புகள் ஒரு வாளிக்கு நிறைந்து, குமிழி விட்டு, போதும் என்று சொல்லிவிடும். பங்கரடிக் கன்றின் பைப் அன்றைக்கு மூன்று வாளியைக் குடித்தது. குடித்தது என்றுதான் சுதாஜினிக்குப் பட்டது. ஊறியது என்று நினைக்க மனம் வரவில்லை. மூன்றாவது வாளியும் போன பிறகு குனிந்து பார்த்தாள், உள்ளே இருட்டு, தண்ணீரின் மினுக்கம் எங்கேயும் இல்லை.

குசினியில் சோற்றுக்கு முன்னால் இருந்தவனிடம் சொன்னபோது ஜெயந்தன் சிரித்தான். இளகின மண்ணென்றால் தண்ணீர் நாலு பக்கமும் ஓடத்தானே செய்யும், தென்னை நாட்டுக்காரிக்கு மாமரத்தின் தாகம் எங்கே விளங்கப்போகிறது என்று பகிடி விட்டான். அவள் பளைக்காரி. அங்கே மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். இங்கே ஆனியில் தொடங்கிய சோளகக் காற்று ஆவணி வந்தும் ஓயவில்லை. புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கண்ணிலும் கறியிலும் போட்டது. கிணற்றில் தண்ணீர் முழங்கால் மட்டத்துக்கு வந்துவிட்டது.

சுதாஜினிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஐப்பசி மழை விழும்வரை வீட்டைப் பூட்டிவிட்டு, ஜெயந்தனைப் பளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அவன் மசியவில்லை. பதினைந்து வயதில் இந்தக் காணியை விட்டு எழும்பினவன்; இனி எழும்புவதென்றால் தன்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டான். காணியும் மரமும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவன் மட்டும்தான் அவளுக்கு வேண்டும், அவனோ மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பங்கரைப் பற்றி அவன் ஒரேயொரு தடவைதான் கதைத்திருக்கிறான், கலியாணம் முடிந்த புதிதில், மழை பெய்த ஒரு பகலில். அவர்களுடைய குடும்பமும் ஒழுங்கையில் இருந்த இன்னும் இரண்டு குடும்பமும் அதற்குள் அடைந்து கிடந்தார்களாம். கிணறு கூப்பிடு தூரத்தில். ஆனால் ஷெல் ஓயாமல் விழுந்தபடியால் தலையை வெளியே நீட்ட வழியில்லை. கேத்திலின் அடியில் கிடந்த தண்ணீரில் அவனுடைய அம்மா துவாயின் மூலையை நனைத்து, கூராகத் திரித்து, ஒவ்வொரு வாயாக வைத்துச் சூப்பக் கொடுத்தாவாம், சின்னப்பிள்ளைகளுக்கு முதல். பிறகு ஒருநாள் விடிய எல்லாரும் எழும்பிப் போனார்கள். மற்ற இரண்டு குடும்பமும் திரும்பி வரவில்லை.

"உள்ளுக்கை ஒண்டும் இல்லையப்பா," என்றான் ஜெயந்தன் இப்போது, அவள் மனதில் ஓடியதைக் கண்டுபிடித்தவன் போல. "மூடமுதல் கண்ணிவெடி எடுக்கிற ஆக்களும் பாத்தவை, நானும் இறங்கிப் பாத்தனான். ரெண்டு போத்தல் மூடியும் ஒரு செருப்பும்தான் கிடந்தது."

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தலையிடியாகப் போய்விட்டது. எலும்போ எதுவோ கிடந்திருந்தால் ஐயரைக் கூப்பிட்டு ஒரு காரியம் செய்து மனதை ஆற்றியிருக்கலாம். ஒன்றும் இல்லாத இடத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

அடுத்த முறை தண்ணீர் விட்டபோது அவள் முழங்கால் ஊன்றிப் பங்கரடிப் பைப்பில் காதை வைத்தாள். மண்ணுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் அவளுக்குத் தெரியும், அது ஒரு சோம்பேறிச் சத்தம். இது வேறு. ஈரத்துணியைச் சூப்புகிற சத்தம். பொறுமையாக, நாக்கும் மேல்வாயும் சேர்ந்து, ஒரு சொட்டையும் விடாமல். ஒன்று நின்றது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று தொடங்கியது, அது நின்றதும் கொஞ்சம் தள்ளி வேறொன்று. வரிசையில், முறை வைத்து. பைப்பின் வாயால் ஒரு மணம் மேலே வந்தது, மக்கிய துணியும் மண்ணெண்ணெய்ப் புகையும் பல பேர் அடைந்து கிடந்த வியர்வையும் கலந்த மணம். அவள் பயத்தில் மூச்சைப் பிடித்தாள். கீழேயும் எல்லாம் நின்றன. அவள் கேட்டுக்கொண்டிருப்பதை அவையும் கேட்டுக்கொண்டிருந்தன.

பக்கத்து வளவுக் கமலாசனி அக்கா குடத்தோடு வந்தபோது, வேலியோரத்து ஆறு கன்றும் இலை சுருண்டு கருகிக்கொண்டு போவதையும், பங்கரடிக் கன்று மட்டும் கரும்பச்சையாகக் குடை பிடித்து நிற்பதையும் பார்த்து, இதற்கு என்ன பசளை போடுகிறீர்கள் என்று கேட்டா. பிறகு நிலத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தா. ஊரில் மண் கண்ட இடமெல்லாம் கிளறிப் புழுதி குளிக்கிற தன்னுடைய கோழிகள் இந்த மரத்தடிப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை என்றா. உண்மைதான், மரத்தைச் சுற்றி மண் வெளிறி, சீமெந்து போல இறுகி இருந்தது. இவ்வளவு தண்ணீர் விட்ட இடத்தில் ஈரப்பொட்டுக் கூட இல்லை. மரத்தடியிலிருந்து ஒரு வெடிப்பு, விரல் அகலத்தில், நேராகக் கிணற்றுப் பக்கம் போயிருந்தது.

அன்றிலிருந்து சுதாஜினி அந்தப் பைப்பில் தண்ணீர் விடுவதை நிறுத்தினாள். விட்டாச்சோ என்று ஜெயந்தன் கேட்டால், ஓம் என்றாள். பட்டுப்போகட்டும். மரம் செத்தால் அவன் மனம் உடைவான், மனம் உடைந்தால் பளைக்கு வருவான் என்று கணக்குப் போட்டாள். தண்ணீரைத் தேடிப் போகப் பழக்கி வைத்த வேரைப் பட்டினி போடுகிறோம் என்பது அவள் புத்தியில் ஏறவேயில்லை.

முதலில் உடுப்புகள். தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து பார்த்தால், சொட்டிக்கொண்டிருந்த துவாய்கள் காய்ந்து விறைத்திருந்தன. வெயிலின் வேலை என்று விடலாம், காற்றின் வேலை என்று விடலாம். ஆனால் ஒவ்வொரு துவாயின் கீழ் மூலையும் கூராகத் திரிந்து, நுனி நூல் நூலாகப் பிய்ந்து, சப்பின வெற்றிலை மாதிரி நைந்திருந்தது. அவள் அவற்றை அடுப்புக்குள் போட்டு எரித்தாள். ஜெயந்தனுக்குக் காட்டவில்லை.

பிறகு குசினியில் வைத்த குடம். நிரப்பி மூடி வைத்தது, விடியப் பார்த்தால் பாதி. அடியில் வெடிப்பில்லை, நிலத்தில் ஈரமில்லை. குடத்தை மேசையில் ஏற்றி வைத்தாள். குறைவது நின்றது. கொஞ்சம் ஆறுதலாக மூச்சு விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தபோது, குடம் இருந்த இடத்தில் சீமெந்துத் தரையில் மயிர் போல ஒரு கோடு விழுந்திருந்தது. அவள் அதன்மேல் காலை வைக்காமல் சுற்றிப் போகப் பழகினாள். இரவில் ஜெயந்தனின் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்து தோல் உரிந்திருந்தது.

கிணறு கடகடவென்று இறங்கியது. முழங்கால், கணைக்கால், பிறகு வாளி சாய்ந்து சேற்றைத் தொட்டது. கமலாசனி அக்கா குடத்தோடு வருவதை விட்டுவிட்டு, புருஷன் செல்வராசா அண்ணையைச் சைக்கிளில் தண்ணீருக்குத் தூர அனுப்பினா. சுதாஜினி ஜெயந்தனின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டே கேட்டாள், இண்டைக்கே போவோம், மாற்றுடுப்பு மட்டும் எடுத்துக்கொண்டு போவோம் என்று. அவன் அவளைத் தேற்றினான். ஊற்றுக்கண் அடைத்துப் போய்விட்டது, இறங்கிச் சேற்றை அள்ளி இரண்டு அடி தோண்டினால் தண்ணீர் வரும், இந்தக் கிணறு ஒருநாளும் பொய்த்ததில்லை என்றான். செல்வராசா அண்ணை கமலாசனியோடு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், நாளைக்கு வந்து கைகொடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஜெயந்தனுக்கு நாளை மட்டும் பொறுக்க முடியவில்லை.

மத்தியானம். கிணற்றின் அடிவரை வெயில் விழும் என்பதற்காகவே அந்த நேரத்தைத் தெரிவு செய்தான். சாரத்தை மடித்துக் கட்டி, கயிற்றை இடுப்பில் இரண்டு முடிச்சுப் போட்டு, மறு நுனியைக் கிணற்றடிப் பூவரசில் கட்டி, படிக்குழிகளில் காலை வைத்து இறங்கினான். சேறு நிறைந்த வாளியைத் தனிக் கயிற்றில் மேலே இழுப்பது அவளுடைய வேலை.

முதல் வாளி கருஞ்சேறு. இரண்டாவதும் சேறு. கீழேயிருந்து அவளைக் கூப்பிட்ட அவன் குரல், சந்தோசமாக, வட்டச் சுவரில் பட்டு இரட்டித்து வந்தது.

"இஞ்சரும், கிணத்துக்கை வேர் வந்திட்டுது. பங்கரடி மரத்தின்ரை. வகுப்பு எடுத்தவர் இதைப் பாக்கவேணும்."

"தொடாதேங்கோ."

"தொட்டனான். சூடாக் கிடக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். கட்டாத மண்சுவரில், மரத்தின் பக்கமாக, வெள்ளை நூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. இறங்கும்போது அவை இருக்கவில்லை. மேலே வரச் சொன்னாள். இன்னும் ஒரு வாளி என்றான். அந்த வாளியில் ஈரமணல் வந்தது. அதற்கடுத்த வாளி கையில் கனக்கவில்லை. வெறும் புழுதி. தோண்டத் தோண்டக் கிணறு காய்ந்துகொண்டு போனது.

"தண்ணி கொஞ்சம் இறக்கும்." குரல் தடித்திருந்தது.

போத்தலை வாளியில் வைத்து இறக்கினாள். குடிக்கிற சத்தம் மேலே கேட்டது. நீளமாக. ஒரு ஆளின் மூச்சுக்கு அது கூடிப்போன நீளம்.

"இன்னும்."

"மேலை வாங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன், வாங்கோ."

சோளகம் திடீரென்று நின்றது. பூவரசில் ஒரு இலை அசையவில்லை. அவள் கிணற்றுக்கட்டில் வயிற்றை அழுத்திக் குனிந்தாள். அவன் சுவரைப் பார்த்து நின்றான். நெற்றி மண்ணில். இரண்டு கையும் மண்ணில். முதுகு மேலும் கீழும் போனது, குழந்தை பால் குடிக்கும்போது போகுமே, அப்படி. அவன் குடிக்கவில்லை. அவனைத்தான்.

கத்தினாள். கயிற்றைப் பிடித்து இழுத்தாள். காலைக் கிணற்றுக்கட்டில் உதைத்து, உள்ளங்கைத் தோல் கழன்று போக, இழுத்தாள். முதலில் கனம். பிறகு பாதிக் கனம். பிறகு ஒரு வாளிக் கனம். ஒரு குழந்தை அவனைத் தூக்கலாம். பிறகு கயிறு தானாகவே வந்தது.

முடிச்சு அவிழவில்லை. இரண்டும் அவன் போட்டபடி. வளையம் அவன் இடுப்பளவில், வெறுமையாக. கீழே வெயில் நேராக விழுந்து அடி முழுவதும் வெளித்திருந்தது. ஆள் இல்லை. சாரம் இல்லை. மண்வெட்டி நிமிர்ந்து நின்றது. வெள்ளை வேர்கள் சுவருக்குள் போய்விட்டன. ஒரு பொந்து கூட இல்லை.

அவள் வளையத்துக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"இஞ்சரும்."

கிணற்றிலிருந்து இல்லை. முதுகுக்குப் பின்னால். மரத்தடியில்.

அவள் ஓடினாள். பைப்பின் சிரட்டை நிலத்தில் உருண்டு கிடந்தது. உள்ளே இருட்டு. ஆழத்தில் அவன்தான், அவனுடைய மூச்சு, தூக்கத்தில் அவள் பக்கத்தில் கேட்கும் அதே மூச்சு. அவனைச் சுற்றி வேறு மூச்சுகள், நெருக்கியடித்துக்கொண்டு. தண்ணி, என்றான். எங்கே இருக்கிறீங்கள், என்ன செய்தது, எப்படி எடுப்பது என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணி. கோபமில்லாமல், பக்கத்து அறையிலிருந்து கேட்பவன் போல.

குசினிக்கு ஓடினாள். மேசையில் இருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கவிழ்த்தாள். சூப்புகிற சத்தம் தொடங்கியது. ஒரு வாய். அடுத்த வாய். சின்ன வாய்கள் முதலில், பிறகு பெரிய வாய்கள். குடம் முடிந்தது.

"எனக்கு இன்னும் வரேல்லை," என்றான் ஜெயந்தன்.

கேத்திலில் இருந்த தேத்தண்ணி. ஊறப்போட்ட அரிசியின் தண்ணீர். சாமிப்படத்தின் முன்னால் இருந்த செம்பு. இளநீர் ஒன்று கிடந்தது, அதையும் வெட்டி ஊற்றினாள். வரிசையாகச் சூப்பினார்கள், முறை தவறாமல், ஒருவர் முடித்து மற்றவர். ஒவ்வொரு தடவையும் கடைசிக்குக் கிட்ட வரும்போது தண்ணீர் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் பொறுமையாக, எனக்கு இன்னும் வரேல்லை என்றான். வீட்டில் இனி ஈரமென்று சொல்ல ஒன்றும் இல்லை. செல்வராசா அண்ணை வர நாளைக்காகும். ஒழுங்கையில் சனநடமாட்டம் இல்லை.

அவள் மரத்தடியில் விழுந்து, பைப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவனை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். சண்டை பிடித்து, மண்டையை உடைத்து, பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். கண்ணீர் மூக்கு நுனியால் வழிந்து, பைப்பின் வாய்க்குள், இருட்டுக்குள், சொட்டுச் சொட்டாக விழுந்தது.

கீழே எல்லா வாயும் நின்றன. ஒரு வாய் மட்டும் அசைந்தது.

"இப்ப வந்தது," என்றான் அவன். நாக்கால் உதட்டை நனைக்கும் சத்தம் கேட்டது. "உப்பாக் கிடக்கு. பறவாயில்லை, இன்னும் விடும்."

சுதாஜினி எழும்பப் பார்த்தாள், கழுத்து நிமிரவில்லை. அழுகை நின்றுவிட்டது. விக்கலும் நின்றுவிட்டது. கண்ணிலிருந்து விழுவது நிற்கவில்லை. சொட்டாக இருந்தது நூலாகி, நேராக, அறாமல், பைப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பைப்பைப் பிடித்திருந்த தன்னுடைய கைகளை அவள் பார்த்தாள். விரல்கள் சுருங்கி, தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே மாமரம் புதிதாக ஒரு தளிர் விட்டது.